சீமை டிரில்லின் திடீர் மௌனம்: பரபக்கமும் சுபக்கமும்

வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ அட்டைப்பெட்டிக்குள் லுங்கி சுற்றி வந்து சேர்ந்த டிரில்லிங் மிஷின், சுவரில் பாதி ஓட்டை போட்ட நிலையில் மூச்சுப்பேச்சில்லாமல் நின்றுவிடுவது நாடறிந்த நிகழ்வு. அடுத்த கால்மணி நேரத்தில் அந்த வீட்டில் நடப்பதுதான் ஆராய்ச்சி உலகின் கண்ணில் இன்னும் படவில்லை. சுவிட்சைப் பத்துத் தடவை அழுத்திப் பார்ப்பார்கள். சித்தப்பா வந்து பதினோராவது தடவை அழுத்துவார். பிறகு, "ஃபாரின் சாமான்ப்பா, தெரியாம கைய வெச்சிடாதீங்க" என்று ஒரு மூத்த குரல் எழும். மிஷின் துடைக்கப்பட்டு, பெட்டியில் வைக்கப்பட்டு, பரணில் ஏற்றப்படும். நின்றதற்கும் பரணேறியதற்கும் இடையில் ஒரு ஸ்க்ரூகூடக் கழற்றப்படவில்லை என்பதே இங்கு முதன்மைச் சான்று. இறக்குமதி மிஷின்களில் பழுதால் சாவது கொஞ்சம், மரியாதையால் சாவதே அதிகம் என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம். இதற்கு நாம் கைக்கொள்ளும் முறை, பிறர் கொள்கையைப் பரபக்கத்தில் மறுத்து, தன் கொள்கையைச் சுபக்கத்தில் நிலைநாட்டும் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் முறை. வீடுபேற்றுக்கு உதவிய முறை வீட்டுச் சுவருக்கும் உதவும் என்ற துணிச்சலை நூலாசிரியர் அருணந்தி சிவாசாரியார் பொறுத்தருள்வாராக.

முதலில் பரபக்கம். இத்துறையில் மூன்று மதங்கள் நிலவுகின்றன. தட்டல்வாதிகள் மிஷினின் முதுகில் அறைவார்கள். இது எப்போதாவது பலிப்பதும் உண்டு. உள்ளே தூசியில் சிக்கிய கார்பனோ, பாதி அறுந்த கம்பியோ அந்த அதிர்ச்சியில் ஒரு கணம் ஒட்டிக்கொள்ளும். பலன் உண்மை, காரணம் அவர்களுக்குத் தெரியாது என்பதால் இதை அறிவு என்று கொள்ள முடியாது. ஊதல்வாதிகள் காற்றுத் துளைகளில் ஊதி, உள்ளே இருந்த சிமென்ட் தூளைத் தங்கள் கண்ணுக்கு மாற்றிக்கொள்வதோடு ஆராய்ச்சியை முடித்துக்கொள்கிறார்கள். மூன்றாம் மதமே பெரியது. "நம்ம ஊர் கரண்ட் அதுக்கு ஒத்துக்கல" என்பது அதன் மகாவாக்கியம். இதில் ஒரு துளி உண்மை இருப்பதால் விரிவாக மறுக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்க வீடுகளில் 120 வோல்ட், ஜப்பானில் 100 வோல்ட், பிரிட்டனின் கட்டுமானத் தளங்களில் மஞ்சள் டிரான்ஸ்ஃபார்மர் வழியே 110 வோல்ட். அவற்றுக்கென்று செய்த மிஷினை நம் 230 வோல்ட்டில் நேராகச் சொருகினால் காயில் வார்னிஷ் கருகிப் புகைவது உறுதி. ஆனால் அது சொருகிய அன்றே நடந்துவிடும். இரண்டு ஆண்டு ஊர்க் கரண்டைக் குடித்து வளர்ந்த மிஷினுக்கு மூன்றாம் ஆண்டு ஆடி மாதத்தில் அதே கரண்ட் திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போவதற்கு நியாயமே இல்லை. தவிர, சிங்கப்பூரிலும் துபாயிலும் ஓடுவது நம்மைப் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வேறுபடுவது பிளக் மட்டும். அவர்களுடையது தட்டைக் கால், நம்முடையது உருண்டைக் கால். இடையில் செருகிய லொடலொட அடாப்டர்தான் பல சமயம் குற்றவாளி.

இனி சுபக்கம். சாக்கெட், பிளக், வயர், விரல் அழுத்தும் சுவிட்ச், ஃபீல்டு காயில், கார்பன், கம்யூட்டேட்டர், ஆர்மேச்சர் என்று டிரில்லுக்குள் கரண்ட் ஒரே வரிசையில் போய்த் திரும்புகிறது. எந்த இடத்தில் அறுந்தாலும் மொத்தமும் நிற்கும். ஆகவே முழு மௌனம் என்பது நோயின் கடுமைக்கு அடையாளம் அல்ல. ஐந்து ரூபாய்ப் பழுதும் ஐயாயிரம் ரூபாய்ப் பழுதும் ஒரே மாதிரிதான் வாய்மூடும். இதிலிருந்து பெறப்படும் விதி, சந்தேகம் மலிவிலிருந்து விலை நோக்கி நடக்க வேண்டும் என்பது. சித்தியார் சொல்லும் காண்டல் அளவையால், அதாவது நேரில் கண்டறிந்து, முதலில் அதே சாக்கெட்டில் செல்போன் சார்ஜரைச் சொருகிச் சாக்கெட்டைச் சோதிக்கலாம். அடுத்து, பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு வயர் கைப்பிடிக்குள் நுழையும் கழுத்தைப் பார்க்க வேண்டும். மிஷினை வயரைப் பிடித்தே தூக்குவதும், வேலை முடிந்ததும் உடம்பைச் சுற்றி இறுக்கிக் கட்டுவதும் நம் வழக்கம் என்பதால், மேலே ரப்பர் முழுசாக இருக்க உள்ளே செம்பு அறுந்திருப்பது அங்கேதான். மல்டிமீட்டர் உள்ளவர் அதையும், இல்லாதவர் சீரிஸ் பல்பு வைத்திருக்கும் எலெக்ட்ரீஷியனையும் நாடலாம். ஆனால் மரியாதை உள்ள இடத்தில் இந்த வரிசை தலைகீழாகிறது. முதல் சந்தேகமே ஆர்மேச்சர் மீது விழுகிறது. பெரிய சாமானுக்குப் பெரிய நோய்தான் வரும் என்ற நம்பிக்கை.

வயர் நிரபராதி என்றானபின் நம் கவனத்துக்கு உரியது கார்பன். மோட்டாரின் இரு பக்கமும் காசு அளவுக்கு வட்டமாக, நடுவில் வெட்டுள்ள இரண்டு மூடிகள் பல மிஷின்களில் தெரியும். தட்டை ஸ்க்ரூ டிரைவரால் திருப்பினால் ஸ்பிரிங்கின் விசையில் சுண்டுவிரல் நகத்தளவு கரிக்கட்டி ஒன்று, செம்புப் பின்னலை வாலாகத் தொங்கவிட்டபடி வெளியே வரும். ஸ்காட்லாந்துக்காரர் ஜார்ஜ் ஃபோர்ப்ஸ் 1885-இல் காப்புரிமை பெற்ற உத்தி இது. சுழலும் செம்பான கம்யூட்டேட்டர் தேயாமலிருக்க, அதைத் தொடும் கரி தேய வேண்டும். 1895-இல் ஸ்டுட்கார்ட்டின் ஃபைன் நிறுவனம் கையில் தூக்கும் மின்சார டிரில்லைச் செய்ததற்கும், 1917-இல் பிளாக் அண்ட் டெக்கர் துப்பாக்கிப் பிடி டிரில்லுக்குக் காப்புரிமை பெற்றதற்கும் முன்பே இந்தத் தியாகி தயார். சில கார்பன்களின் வயிற்றுக்குள் ஸ்பிரிங் வைத்த சிறு பிளாஸ்டிக் முனை புதைந்திருக்கும். கரி தேய்ந்து எல்லைக்கு வந்ததும் முனை வெளிப்பட்டு, கார்பனை கம்யூட்டேட்டரிலிருந்து எட்டித் தள்ளிவிடும். அந்த நொடியில் மிஷின் புகையும் பொறியும் முன்னறிவிப்பும் இல்லாமல் நிற்கும். எந்த மௌனத்தைக் கண்டு வீடே கலங்குகிறதோ, அது செய்தவனே வேண்டுமென்று வைத்த ஏற்பாடு என்று கருதல் அளவையால் கொள்ளலாம். மூடியை வெளியே வைத்ததும் நாம் திறப்பதற்குத்தான். உரை அளவைக்குக் கையேடு சாட்சி. பல மொழிகளில் அச்சிட்டு, இரண்டு கார்பனையும் சேர்த்தே மாற்றுக என்று படம் போட்டிருப்பார்கள். அதைப் பிரித்தால் மடிப்பு கலைந்துவிடும் என்று நாமும் பிரிப்பதில்லை.

மரியாதையே காரணம் என்பதற்கு ஒப்பீட்டுச் சோதனை வேண்டாமா என்று கறாரான ஆய்வாளர் கேட்பார். அது நம் சமையலறையில் அன்றாடம் நடக்கிறது. மிக்ஸிக்குள் இருப்பதும் இதே இன மோட்டார்தான். அதே கார்பன், அதே கம்யூட்டேட்டர். சட்னி பாதியில் மிக்ஸி நின்றால் யாரும் அதைப் பரணில் ஏற்றுவதில்லை. கவிழ்த்து, அடியிலுள்ள ஓவர்லோடு பட்டனை அமுக்குகிறார்கள். அசையாவிட்டால் தெருமுனைக் கடையில் "கார்பன் போயிருக்கும், பாருங்கண்ணே" என்று நீட்டுகிறார்கள். மோட்டார் ஒன்று, நோய் ஒன்று; மாறியது விமான டிக்கெட் மட்டும். ஆகவே வேறுபாட்டுக்குக் காரணம் மரியாதையே என்பது பெறப்படும்.

இதற்கு ஆட்சேபங்கள் உண்டு. வெளிநாட்டுக் கார்பன் இங்கே கிடைக்காது என்பார்கள். தேய்ந்ததையே கையில் எடுத்துக்கொண்டு போனால் பாரிமுனைக் கடைக்காரர் நீளம், அகலம், கனம் பார்த்து ஒத்ததைத் தருவார். சற்றுப் பெரிதாயிருந்தால் உப்புத்தாளில் தேய்த்துப் பொருத்துவது தொழிலில் பழகிய வழிதான். பழைய பேட்டரி செல்லின் கரிக்குச்சியைச் செதுக்கிப் போடும் உட்பிரிவினரை மட்டும் இக்கட்டுரை ஆதரிக்காது. அந்தக் கரி வேறு ரகம். கம்யூட்டேட்டர் செலவில் மிச்சம் பிடிக்கும் சிக்கனம் அது. திறந்தால் வாரண்டி போய்விடும் என்பது அடுத்த வாதம். துபாய் ரசீது தொலைந்த மிஷினுக்குப் போவதற்கு வாரண்டி எங்கே இருக்கிறது? ஷாக் அடிக்கும் என்ற மூன்றாவது ஆட்சேபம் முழுவதும் ஏற்கத்தக்கது. பிளக்கைப் பிடுங்கிக் கண்ணெதிரே வைத்துக்கொள்ளாமல் மூடியில் கைவைப்பவர் இந்த ஆய்வின் வாசகராக இருக்கத் தகுதியற்றவர். கருகல் நாற்றம் வந்தபின் நின்றது என்றால் மூக்கே தீர்ப்பு எழுதிவிட்டது. அங்கே நம் கொள்கை விலகி நின்று, வைண்டிங் கடைக்கு வழிவிடும்.

கடைசியாக ஓர் எதிர்வாதம்: இப்போது வரும் மிஷின்கள் பிரஷ்லெஸ், அவற்றில் கார்பனே கிடையாது, எனவே இந்தக் கொள்கை காலாவதி என்பது. உண்மை, அவற்றில் கரி செய்த வேலையை எலெக்ட்ரானிக் போர்டு செய்கிறது. போர்டு போனால் ஸ்க்ரூ டிரைவருக்கு அங்கே வேலையில்லை. ஆனால் போனது கார்பன் மட்டுமே. மலிவிலிருந்து விலை நோக்கி நடக்கும் விதி போகவில்லை. அந்தப் புது மிஷின் திடீரென்று நின்றாலும் போர்டைச் சந்தேகிக்குமுன் செய்யவேண்டிய முதல் சோதனையைச் சுபக்கம் தயங்காமல் விதிக்கும்: பேட்டரியில் சார்ஜ் இருக்கிறதா பாருங்கள்.