வாயைச் சுருக்கு, பேராண்டி

ஏங்கண்ணு, பெட்டியில போட்டு வித்தான்னு ஒரு உறிஞ்சுகுழாயை வாங்கியாந்திருக்கியே, அதோட வாயைப் பாத்தியா? மூணு விரலை ஒண்ணாச் சேத்து உள்ள உட்டாலும் இடம் மிச்சம் கெடக்குது. பெட்டி மேல மீனு சிரிக்கிறாப்புல படம் வேற. நீ அதைத் தொட்டிக்குள்ள எறக்கறதைப் பாத்தா எந்த மீனுக்கும் சிரிப்பு வரத்தாஞ் செய்யும்.

குத்தம் சாமானோடது இல்ல சாமி. அது வெறுங் கூழாங்கல்லுத் தொட்டிக்குன்னு செஞ்சது. கல்லுக்குள்ள குத்தினா, அகல வாய்க்குள்ள தண்ணி மெதுவாத்தான் ஏறும். கல்லு கனம், கொஞ்சம் ஏறிப் பாத்துட்டுத் திரும்ப விழுந்துரும். மீனோட கழிவும் அது தின்னது போக மிச்சமும் லேசு, தண்ணியோட வெளிய போயிரும். கண்டுபுடிச்சவன் கெட்டிக்காரன்தான். ஆனா நீ வெச்சிருக்கறது கல்லுத் தொட்டியா? அடியில சுட்ட களிமண் குருணை, அது மேல ஹேர் கிராஸ் புல்லு, மூலையில கிரிப்டோகோரைன். குருணைக்குக் கனமே இல்ல, குழாயோட மேல வந்துரும். நசுங்கினாச் சேறு. ஹேர் கிராஸ் கொத்தோட கழண்டு மிதக்கும். கிரிப்டோகோரைனோ மகா கோவக்காரச் செடி, வேரைச் சித்தெ அசைச்சாலும் எலை பூராக் கரைஞ்சு போயிரும். களை வெட்டறேன்னு போயி நாத்தைப் புடுங்கிட்டு வந்தவனை நம்மூர்ல என்னன்னு சொல்லுவாங்கன்னு உனக்கே தெரியும். நானும் அதைச் சொல்ல வேண்டாம்னு பாக்கறேன்.

போன நோம்பிக்கு வந்தப்ப ஒரு ஜப்பான்காரரைப் பத்தி ராத்திரி பூராச் சொன்னியே, தகாஷி அமானோன்னு. மொதல்ல சைக்கிள் பந்தயக்காரர், பொறவு போட்டோ புடிக்கறவர், நீகாட்டாவுல 1982ல கம்பெனி ஆரம்பிச்சவர், 2015ல தவறிட்டார், அந்த வருசமே லிஸ்பன்ல 40 மீட்டர் நீளத்துக்குத் தண்ணிக்குள்ள காட்டையே வளத்து வெச்சுட்டுப் போனார்னு. பெரிய மனுசன், கையெடுத்துக் கும்புடறேன். அவருக்கு 40 மீட்டர், உனக்கு 2 அடி. ஆனா நீ குழாய் புடிக்கற தோரணையப் பாத்தா லிஸ்பன் தொட்டியும் உன் பொறுப்புலதான் இருக்குதுன்னு தோணுது.

சரி, கணக்குப் போடு. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உசரம்னா விளிம்பு வரைக்கும் 56 லிட்டர். மண்ணு, கட்டை, மேல உடற காலி இடம் எல்லாம் போக 45 இருக்கும். வாரத்துக்கு மூணுல ஒரு பங்கு தண்ணி மாத்தறேன்னு சொல்ற, அது 15 லிட்டரு, ஒரு வாளி. உன் அரை இஞ்சு ஓசு அந்த வாளிய ரெண்டு நிமிசத்துக்குள்ள நெப்பிரும். அதுக்குள்ள நீ தொட்டியில ஒரு மூலையக்கூடத் தாண்டியிருக்க மாட்டே. தண்ணி தீந்து போச்சு, அழுக்கு அங்கயேதான் இருக்குது. இதுதான் உன் வெசனமே. தண்ணி தீர்றதுக்கு முன்ன அழுக்கு தீரோணும்.

அதுக்கு வாயைச் சுருக்கோணும். கொத்தனாருங்க மட்டம் பாக்க வெச்சிருப்பாங்களே லெவல் டியூப்பு, உள்ள என்ன போகுதுன்னு கண்ணாடியாத் தெரியும், அது வாங்கு. உள்விட்டம் 8 மில்லிமீட்டர் போதும். விட்டம் பாதியானா வாயோட பரப்பு காவாசி, ஓசுக்குள்ள உரசற உரசல்ல தண்ணி அதுக்கும் கீழ கொறையும். உறிஞ்சற எடத்துல இழுப்பு இருக்கும், தண்ணி வீணாகாது.

நுனிக்குக் கெட்டியா ஒரு குச்சி வேணும், இல்லாட்டி ஓசு செடிக்குள்ள போயி வளைஞ்சுக்கும். ஓசுக்குள்ள இறுக்கமா நுழையற பிளாஸ்டிக் குழாயா ஒரு முழம் பாத்து வாங்கு. சின்னத் தொட்டின்னாப் பழைய பேனாக் கூடே ஆகும். முனையை நேரா வெட்டாதே, சாய்வா வெட்டு. நேரா இருந்தா மண்ணுல பட்டதும் வாய் அடைச்சுக்கும், சாய்வா இருந்தா ஒரு பக்கம் தொறந்தே இருக்கும். வெட்டின முனைய உப்புத்தாள்ல தேச்சு உடு, மீனு மேல படும்.

அடுத்தது வேகம். சொட்டுநீர்ப் பைப்புக்குப் போடற மினி வால்வு நம்ம தோட்டத்துல சாளையோரம் ஒரு சாக்கு நெறையக் கெடக்குது. அளவு ஒத்து வந்தா ஒண்ணை ஓசோட கீழ் முனையில, வாளிப் பக்கம் மாட்டு. வால்வு வேண்டாம்னா வாளியத் தரையில வெக்காம முக்காலி மேல வெச்சுப் பாரு. தொட்டித் தண்ணி மட்டத்துக்கும் ஓசு முடியற எடத்துக்கும் உள்ள உசரந்தான் வேகத்தைக் குடுக்குது. உசரத்தைக் காவாசியாக் கொறச்சா வேகம் ஏறக்குறைய பாதியாகும். அவசரமா நிறுத்தோணும்னா கையில இருக்கற ஓசை மடிச்சுப் புடி, அதுக்கும் ஒரு கருவி வாங்கிட்டு வந்துராதே.

வாய் வெச்சு உறிஞ்சற பழக்கம் லாரியில டீசல் எடுக்கறவனோட போகட்டும். மீனுத் தண்ணி அமுதமில்ல. ஓசோட ரெண்டு முனையவும் தூக்கிப் புடிச்சுக் குழாயடியில தண்ணி நெப்பு, பெருவிரல்ல அடை, ஒண்ணைத் தொட்டியில முக்கு, இன்னொண்ணைக் கீழ கொண்டு போயி விரலை எடு. தோட்டத்து மருந்து தெளிப்பானோட ஓசு சும்மாதானே கெடக்குதுன்னு மட்டும் கை வெச்சுராதே. பூச்சிக்குன்னு அடிச்ச மருந்து துளி ஒட்டியிருந்தாலும் உன் எறால் ஒண்ணுகூட மிஞ்சாது. மண்ணெண்ணெய் எடுத்த கைப்பம்பும் அப்பிடித்தான்.

கைவேலையச் சொல்றேன், காதுல வாங்கிக்கோ. மொதல்ல ஃபில்டர், ஹீட்டர் பிளக்கைப் புடுங்கு. தண்ணி கொறைஞ்சா ஹீட்டர் கண்ணாடி வெடிக்கும், மோட்டார் வறண்டு ஓடும். பொறவு புல்லு மேல உள்ளங்கையால லேசா விசிறு, கசடு புகையாட்டம் எந்திரிக்கும். குச்சிய மண்ணுக்கு ஒரு விரக்கடை மேல புடிச்சு அந்தக் கசடை மட்டும் வாங்கு. மண்ணுக்குள்ள குத்தாதே. மண்ணுல கெடக்கற கிருமிதான் மீனோட அமோனியாவை நைட்ரேட்டா மாத்துது, செடி அதைத் தின்னுது. நீ குத்திக் கெளறினா அடியில கெடக்கற அமோனியாவும் வேருக்கு வெச்ச உர மாத்திரையும் மேல வரும், மறு வாரம் கண்ணாடி பூராப் பாசி. செடி அடர்ந்து நிக்கற எடத்தைத் தொடவே வேண்டாம். முன்கண்ணாடியோரம், தீனி போடற எடம், கட்டைக்கு அடியில, இவ்வளவுதான் உனக்கு வேலை. வாளி வெள்ளையா இருக்கட்டும். கொட்டறதுக்கு முன்ன குனிஞ்சு பாரு, குட்டி எறால் ரெண்டு நிச்சயம் நீந்தும்.

மிச்சத் தண்ணிய எறைக்கறப்ப நீ போன்ல மூழ்கிப் போவே, வாளி வழிஞ்சு கூடம் பூரா ஈரமாகும், உங்கம்மா என்னத்தான் வைவா. அதுக்கொரு மருந்து இருக்குது. தொட்டிக்குள்ள தொங்கற பக்கம் ஓசுல, தண்ணி எந்த மட்டத்துல நிக்கோணுமோ அந்த எடத்துல, ஊசியச் சூடு பண்ணி ஒரு ஓட்டை போடு. துணிமாட்டற கிளிப்பால ஓசை விளிம்புல அசையாமக் கவ்வ உடு. தண்ணி ஓட்டைக்குக் கீழ எறங்கினதும் காத்து உள்ள புகுந்து ஓட்டம் தானா நின்னுரும். நீ போனைப் பாத்துட்டே இரு.

புதுத்தண்ணி ஊத்தறப்ப சிறுவாணித் தண்ணின்னு மெப்பனையா நேரா ஊத்தாதே. குடிக்க இனிப்பா இருந்தாலும் கார்ப்பரேசன்காரன் குளோரின் போட்டுத்தான் அனுப்பறான். குளோரின் முறிக்கற மருந்தைக் கலந்துட்டு, மண்ணு மேல ஒரு தட்டு வெச்சு, அது மேல மெதுவா ஊத்து. எடுத்த அழுக்குத் தண்ணிய மாடியில இருக்கற கறிவேப்பிலைக்கு ஊத்து. நைட்ரேட்டைச் சாக்கடையில கொட்டிட்டு உரப் பாட்டிலைக் காசு குடுத்து வாங்கறவனை எம் பேரன்னு வெளிய சொல்லிக்க முடியல.

அந்த அகல வாய்க் குழாயைத் தூக்கிப் போட்றாதே, கூழாங்கல்லுத் தொட்டி வெச்சிருக்கற கூட்டாளி எவனுக்காச்சும் குடு. அடுத்த வாரம் வர்றப்ப லெவல் டியூப்பு 3 மீட்டர் வாங்கியா, வால்வு நாந் தர்றேன். டியூப்புக்குக் காசு நீயே குடுத்துக்கோ.