நாலு பேர் சரியில்லை

பி ஷிஃப்ட் முடிந்து, நள்ளிரவுக்குச் சற்று முன் ஓசூர் சிப்காட் பக்கம் கம்பெனி பஸ்கள் ஆட்களை இறக்கிவிடும். இறங்கியவர்கள் எல்லோரும் பாதித் தூக்கத்தில் நடப்பார்கள். ஒருவர் மட்டும் அப்போதுதான் வேலைக்குக் கிளம்பியவர் போல எட்டு வைத்துப் போவார். பின்னால் வரும் அறைத்தோழன் "டேய், பரோட்டா வாங்கிட்டுப் போலாம்டா" என்று கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். அவருக்காக நாலு பேர் காத்திருக்கிறார்கள். அந்த நாலு பேர் யாரென்று அவருக்கு இன்னும் தெரியாது. ஆனால் நாலு பேரும் சரியில்லை என்பது இப்போதே தெரியும்.

ஷிஃப்டில் இவர் சி.என்.சி. ஆபரேட்டர். டூல் ஆஃப்செட்டில் சில மைக்ரான் பிசகினால் ஜாப் ரிஜெக்ஷன். ரிஜெக்ஷன் ஆனால் சூப்பர்வைசர் வருவார். சூப்பர்வைசர் வந்தால் இவர் தலையைக் குனிந்து "ஓகே சார்" என்பார். எட்டு மணி நேரத்தில் இவர் பேசுவதில் பெரும்பகுதி இந்த "ஓகே சார்"தான். மீதிச் சொற்களையெல்லாம் ராத்திரிக்கென்று சேமித்து வைத்திருக்கிறார். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய லேப்டாப்பைத் திறந்து, ஹெட்செட்டை மாட்டியதும் சூப்பர்வைசரே நடுங்கும்படியான ஓர் ஆள் அந்த அறையில் உட்கார்ந்திருப்பார். திரையில் இவர் பெயர் 'அசுரன்635109'. அந்த எண் ஓசூரின் பின்கோடு.

ஆட்டத்தின் பெயர் டோட்டா 2. ஐந்து பேருக்கு ஐந்து பேர். சதுரமான ஒரு நிலம், எதிரெதிர் மூலையில் இரண்டு கோட்டை, குறுக்கே ஓர் ஆறு, கோட்டைக்குக் கோட்டை மூன்று பாதை. ஆளுக்கு 11 காவல் கோபுரம். முப்பது விநாடிக்கு ஒருமுறை இரண்டு பக்கத்திலிருந்தும் கிரீப் என்கிற கூலிப்படை தானாகக் கிளம்பி வந்து பாதையில் மோதிக்கொள்ளும். கிரீப்பை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். உயிர் போகிற கடைசி அடியை அடித்தவருக்குத்தான் முழுத் தங்கம். தன் பக்கத்துக் கிரீப் ஒன்று சாகக் கிடந்தால், எதிரி அதில் காசு பார்த்துவிடக் கூடாதென்று அதைத் தானே வெட்டிப் போடுவதும் உண்டு. அதை டினை என்பார்கள், கெட்டிக்காரத்தனம் என்று கணக்கு. தங்கம் சேர்ந்தால் ஆயுதம் வாங்கலாம், ஆயுதம் இருந்தால் கோபுரத்தை உடைக்கலாம், கடைசியில் ஏன்ஷியன்ட் என்கிற மூலக் கட்டடம் எவருக்கு விழுகிறதோ அவர் தோற்றார். எல்லாம் சேர்ந்து முக்கால் மணி நேரம் பிடிக்கும்.

ஐந்து பேருக்கும் ஒன்று முதல் ஐந்து வரை நம்பர் உண்டு. ஒன்று கேரி, காட்டிலும் மேட்டிலும் கிடைக்கிற தங்கமெல்லாம் முதலில் அவருக்கு. இரண்டு மிட், நடுப்பாதையில் ஒண்டிக்கு ஒண்டி. ஐந்து சப்போர்ட். அவர் இருட்டில் போய் வார்டு நட்டு மற்றவர்களுக்குக் கண் கொடுப்பார், கேரிக்கு வருகிற அடியைத் தான் வாங்கிச் சாவார், தங்கம் கேட்க மாட்டார். ஜெயித்தால் கேரி ஜெயித்தார். தோற்றால் சப்போர்ட் வார்டு வைக்கவில்லை. நம்மவருக்கு எப்போதும் மிட்தான் வேண்டும். இன்னொருவர் மிட்டைக் கேட்டுவிட்டால், எதிரியின் கோபுரத்தடியில் போய் வேண்டுமென்றே செத்துச் செத்து விழப்போவதாக மிரட்டுவார். சில நாள் செய்தும் காட்டியிருக்கிறார்.

மிட் ஆடுகிறவருக்கு ஒரு கடமை உண்டு. எதிராளி நடுப்பாதையிலிருந்து மறைந்தால் "மிட் மிஸ்ஸிங்" என்று மற்றப் பாதைக்காரர்களுக்கு உடனே சொல்ல வேண்டும். ஓசூர் பக்கத்துச் சானமாவுக் காட்டில் யானைக் கூட்டம் ஒரு பக்கம் கண்ணில் படாமல் போனால் அடுத்த ஊருக்குப் போன் பறக்கும். ராகி வயலில் காவலிருப்பவன் பட்டாசோடு தயாராவான். இவர் ராயக்கோட்டை ரோட்டில் பைக் ஓட்டும்போது அந்தத் தகவலை ஏழு குரூப்புக்கு ஃபார்வர்டு செய்கிற ஆள்தான். ஆட்டத்தில் மட்டும் சொல்ல மாட்டார். எதிராளி போய் கீழ்ப்பாதையில் இரண்டு பேரை மிதித்துவிட்டுத் திரும்பி வந்தபின், "மேப் பாக்க மாட்டீங்களா?" என்பார்.

இவரே செத்துவிட்டால்தான் விசேஷம். ஆட்டம் முற்றிய நேரத்தில் செத்தவர் மறுபடி எழுந்துவர ஒரு நிமிடத்துக்கும் மேலாகும். கைக்கு வேலை இல்லை, வாய்க்கு மட்டும்தான். "கான்சன்ட்ரேஷன் எங்கடா இருக்கு?" "போன தடவையே சொன்னேன்ல?" "இப்படி ஆடுனா எப்படி டார்கெட் முடியும்?" கோபுரம் உடைக்கிற ஆட்டத்தில் டார்கெட் எங்கே வந்தது என்று மும்பையில் உட்கார்ந்திருக்கும் சப்போர்ட்டுக்கு விளங்காது. சாயங்காலம் நாலரை மணிக்கு இவருக்குக் கிடைத்ததைத்தான் இவர் ஒரு சொல் மாற்றாமல் நாலு பேருக்குப் பங்கிட்டுத் தருகிறார்.

இந்திய சர்வரில் ஐந்து பேர் சேர்ந்தால் நாலு மொழியாவது சேரும். ஹைதராபாத்காரர் தெலுங்கில் திட்டுவார், பெங்களூர்க்காரர் கன்னடத்தில் அலுத்துக்கொள்வார், டெல்லிப் பையன் இந்தியில் அம்மா அக்காவை இழுப்பான். ஒருவர் திட்டுவது மற்றவருக்குப் புரியாததால்தான் அங்கே ஓரளவு சமாதானம் நிலவுகிறது. ஓசூர்க்காரருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஹவுஸ் ஓனர் வீட்டில் தெலுங்கு, அத்திப்பள்ளிச் சந்தையில் கன்னடம், கறிக்கடையில் உருது, பக்கத்து மெஷினில் பீகார் தம்பியின் இந்தி. எல்லாத் திட்டும் இவருக்குச் சுத்தமாகப் புரியும். அதோடு நின்றாலாவது தேவலை. "ஹி சே வாட்?" என்று பெங்களூர்க்காரர் கேட்டால், போரை நடுவில் விட்டுவிட்டு உண்மை வழுவாமல் மொழிபெயர்ப்பார். "ஏன் குரு இது?" என்ற சாதுவான கன்னட அலுப்பு இவர் கையால் தெலுங்குக்குப் போய்ச் சேரும்போது அதில் இரண்டு தலைமுறை சேர்ந்திருக்கும்.

டோட்டாவில் பேச்சு நடத்தைக்கு மதிப்பெண் உண்டு, உச்சம் 12,000. மற்றவர்கள் ரிப்போர்ட் அடிக்க அடிக்க அது இறங்கும், ரொம்ப இறங்கினால் மைக் அடைபடும். அப்படி அடைபட்ட வாரங்களில் அறைத்தோழன் நன்றாகத் தூங்கி எழுந்து வேலைக்குப் போவான்.

ஆட்டத்தின் ஸ்தல புராணத்தை இவர் கேட்காமலே சொல்வார். வார்கிராஃப்ட் 3 ஆட்டத்துக்குள் ஒரு ரசிகர் 2003-ல் தானாகச் செய்து சேர்த்த மேப்பில் தொடங்கியது டோட்டா. பின்னால் ஐஸ்ஃப்ராக் என்ற புனைபெயர்க்காரர் அதை எடுத்து வளர்த்தார். 2009-ல் அதே வழியில் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் வந்தது. 2013-ல் வால்வ் கம்பெனி டோட்டா 2-ஐ வெளியிட்டது. இவர் பாலிடெக்னிக் ஹாஸ்டலில் அந்தப் பழைய மேப்பைக் கற்றது அரசு தந்த விலையில்லா மடிக்கணினியில். கல்விக்கென்று கொடுத்தார்கள், கல்வி வரவில்லை என்று சொல்ல முடியாது. போனில் ஆடுகிறவர்களை இவர் மனிதராக மதிப்பதில்லை. 2020 ஜூன் 29-ல் டிக்டாக்கோடு சேர்த்து 59 செயலிகளை மத்திய அரசு தடை செய்தபோது அதில் மொபைல் லெஜண்ட்ஸும் போனது. சித்தப்பா பையன் சாப்பிடாமல் கிடந்தான். இவர் ஆறுதல் சொல்லப் போய், "அது ஆட்டமே இல்லடா" என்று சொல்லிவிட்டு வந்தார்.

காவேரிப்பட்டணத்திலிருந்து அம்மா போன் செய்வது பெரும்பாலும் லீவு நாள் போரின் உச்சத்தில். "சாப்ட்டியா கண்ணு?" ஆட்டத்தை நிறுத்த ஒரு பாஸ் பொத்தான் உண்டு. இவர் நிறுத்துவார், நிறுத்தியதை எதிரணி எடுத்துவிடும். அம்மாவிடம் "சாப்ட்டேன்மா" என்பதற்குள் ஹீரோ செத்திருப்பார். ஒருநாள் கௌரவமாகவே விளக்கிச் சொன்னார்: 2021-ல் இதன் உலகப் போட்டிக்குப் பரிசு மொத்தம் 4 கோடி டாலர், நம் காசில் 300 கோடி ரூபாய் அளவுக்கு வரும்; 2022-ல் பர்மிங்ஹாமில் காமன்வெல்த் நாடுகளுக்கான இ-ஸ்போர்ட்ஸ் போட்டியில் இந்தியா டோட்டாவில் வெண்கலம் வாங்கியது. அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "அதுல உனக்கு எவ்ளோ கண்ணு வரும்?"

ஓனரம்மா அத்தனை பொறுமைசாலி இல்லை. "ராத்திரி பன்னண்டுல இருந்து அஞ்சு வரைக்கும் ஆன்லைன் கேம் ஆடக் கூடாதுன்னு கவர்மென்டே சொல்லிருச்சாமே!" என்று ஒருநாள் மாடிப்படியில் நின்று பிடித்துக்கொண்டார். 2025-ல் தமிழக அரசு அப்படி விதி போட்டது உண்மைதான். "அது காசு வச்சு ஆடறதுக்குக்கா. நாங்க மானத்தை வச்சு ஆடறோம்" என்றார் இவர்.

மழை நாளில் பிராட்பேண்ட் படுத்துவிட்டால் போன் ஹாட்ஸ்பாட்தான் கதி. அறை ஜூஜூவாடிப் பக்கம் என்பதால் போன் சில நேரம் கர்நாடக டவரைப் பிடித்துக்கொள்ளும், பிங் ஏறும், ஹீரோ நின்ற இடத்தில் நின்று வெட்டுப்படுவார். அன்றைக்கு ஐந்தாவதாக ஒரு குற்றவாளியும் கிடைப்பார்: அத்திப்பள்ளி டவர்.

போன மாதம் ஒரு ராத்திரி, கீழ்ப்பாதையில் இரண்டாம் கோபுரம் விழுந்த நேரம். இவர் வழக்கம்போல் சப்போர்ட்டை நாலு மொழியிலும் வாங்கிக்கொண்டிருக்கிறார். சப்போர்ட்டும் அதே நாலு மொழியில், அதே வரிசையில் திருப்பிக் கொடுக்கிறார். இவர் சட்டென்று நிறுத்தி, "எந்த ஊரு நீ?" என்றார்.

"ஓசூர்ணா. பாகலூர் ரோடு."

"எந்தக் கம்பெனி?"

"சிட்கோல ஒரு சின்ன யூனிட்ணா. வி.எம்.சி. ஓட்டறேன். மூணு மாசமா ஓ.டி. காசு தரலை."

பிறகு பத்து நிமிடம் யாரும் யாரையும் திட்டவில்லை. வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, பஸ் எந்தப் பாயின்டில் நிற்கும், கேன்டீனில் ராத்திரிச் சாப்பாடு உண்டா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். டெல்லிப் பையன் "பாய், பேஸ் கயா!" என்று கத்தினான். ஏன்ஷியன்ட் விழுந்தது.

"எங்க லைன்ல ஆள் எடுக்கறாங்க தம்பி. ரெஸ்யூம் வாட்ஸ்அப்ல போடு, சார்கிட்ட சொல்றேன்."

"தேங்க்ஸ்ணா."

"ஆனா நீ வார்டே வைக்கல."

"நீங்க மிஸ்ஸிங் சொல்லலைணா."