வரும் அழைப்பை ஏற்காத தொடுதிரை: திருவட்டாற்று விரல்களை முன்வைத்து ஓர் ஆய்வு

போன் மணியடிக்கிறது. பெயர் தெரிகிறது, படம் தெரிகிறது, பச்சை வட்டம் துள்ளுகிறது. விரல் அதைத் தொடுகிறது, இழுக்கிறது, மறுபடியும் இழுக்கிறது, அழுத்துகிறது, கடைசியில் குத்துகிறது. மணி நின்றுபோகிறது. உலகெங்கும் அன்றாடம் நிகழும் இந்நிகழ்வுக்கு இதுவரை இலக்கணம் கண்டார் இலர்.

அக்குறையைப் போக்க வந்த இவ்வாய்வு திருவட்டாற்றைக் களமாகக் கொண்டதற்குக் காரணங்கள் உள. முதலாவது நீர். கோதையாறும் பரளியாறும் சுற்றி ஓடி மூவாற்றுமுகத்தில் கூடுகிற ஊர் இது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் தவறாமல் பெய்கிற கன்னியாகுமரி மாவட்டம். உலர்ந்த விரல் இங்கே மாசி பங்குனியில் மட்டும் கிடைக்கும் பொருள். அடுத்தது ரப்பர், அதைப் பற்றிப் பின்னர். இன்னொன்று இலக்கண மரபு. தொல்காப்பியம் அரங்கேறியபோது கேட்டுத் தெளிந்த அதங்கோட்டாசானின் ஊர் மார்த்தாண்டம் பக்கத்து அதங்கோடுதான் என்பது இவ்வட்டாரத்தார் துணிபு. தொல்காப்பியரையே உட்காரவைத்துக் கேள்வி கேட்ட மண்ணுக்கு ஒரு போனைக் கேள்வி கேட்பது பெரிய காரியமில்லை.

நூற்பாவை முதலில் தந்து உரையைப் பின்னர் தருவதே முறை.

ஈரமும் பாலும் காய்ப்பும் தூசியும்
சேரும் விரலைத் தேறாது ஆடி.

பால் என்றது ரப்பர் பாலை. தேறாது என்றது, இது விரல் என்று அடையாளம் காணாது என்றவாறு. ஆடி என்றது கண்ணாடி. ஆடி மாதத்தில் மட்டும் தேறாது என்று பொருள் கொள்வாரும் உளர். அவர்கள் ஆனியில் போன் எடுத்துப் பார்த்தவர்கள் அல்லர். உம்மைகள் எண்ணும்மை. நான்கும் ஒருங்கே கூடினால்தான் கண்ணாடி மறுக்கும் என்று கொள்ளற்க, ஒன்றே போதும்.

இனி இந்நாடகம் நிகழும் காலத்தின் அளவு. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2019 நவம்பர் 1 அன்று அதை வரையறுத்தது: எடுக்கவும் படாமல் துண்டிக்கவும் படாமல் ஓர் அழைப்பு ஒலிக்க வேண்டிய நேரம் கைப்பேசிக்கு 30 நொடி, தரைவழிப் போனுக்கு 60 நொடி. (கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததும் ஒரு நவம்பர் 1-ஆம் தேதிதான், 1956-இல். இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டா என்பது தனி ஆய்வுக்குரியது.) இவ்வரையறைக்கு முன் நிறுவனங்கள் மணியடிக்கும் நேரத்தைப் போட்டி போட்டுக் குறைத்துக்கொண்டிருந்தன. அன்று அழைக்கிற பக்கத்து நிறுவனம் எடுக்கிற பக்கத்து நிறுவனத்துக்கு நிமிடத்துக்கு 6 காசு இணைப்புக் கட்டணம் தர வேண்டும். மணி சீக்கிரம் நின்றால் அது மிஸ்டு கால் ஆகும்; எதிராளி திருப்பி அழைப்பார்; கொடுக்க வேண்டிய 6 காசு வரவேண்டிய 6 காசாக மாறும். ஆக, நம் விரல் வழுக்கியதால் சிலருக்கு இலாபம் இருந்த காலமும் ஒன்று உண்டு. அக்கட்டணம் 2021 சனவரி 1 முதல் ஒழிந்தது. வழுக்கல் ஒழியவில்லை.

இந்த 30 நொடிக்குள் தொல்காப்பியர் சொன்ன மெய்ப்பாடு எட்டும் ஒருவர் முகத்தில் தோன்றி மறைவதைத் திருவட்டாறு பஸ் ஸ்டாண்டில் நின்று எவரும் காணலாம். பெயரைக் கண்டதும் உவகை. முதல் இழுப்பில் பெருமிதம். திரை அசையாதபோது மருட்கை. அழைப்பவர் மாமனார் என்பது நினைவுக்கு வர அச்சம். பக்கத்தில் நிற்பவர் பார்க்கிறார் என்றதும் இளிவரல். பிறகு வெகுளி, போனைத் தொடையில் தட்டும் செயல் இதன்பாற்படும். மணி நின்றதும் அழுகை. நகை மட்டும் பக்கத்தில் நிற்பவருக்கு உரியது.

நோய்க்கு முன்னோர் சொன்ன காரணங்களைப் பூர்வபட்சமாக எடுத்துக்கொள்வோம். ஸ்விட்ச் ஆப் செய்து ஆன் செய்தால் எல்லாம் சரியாகும் என்பது ஒரு சாரார் கொள்கை. பெரும்பாலும் உண்மை, ஆனால் மணியடிக்கும்போது செய்ய இயலாதது. போன் சூடாகிவிட்டது, கொஞ்சம் காற்றாட வைக்க வேண்டும் என்பது வீட்டுப் பெரியவர்கள் கொள்கை. ஜங்ஷன் மொபைல் கடைப் பையன்களின் கொள்கை ஆராய்ச்சிக்கே இடம் தராதது. போனை வாங்கி, ஒருமுறை சாய்த்துப் பார்த்து, "டச் போச்சு அண்ணே, காம்போ மாத்தணும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, ஒரிஜினலா காப்பியா என்ற அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். எச்சில் தொட்டு இழுப்பவர்கள் தனி மரபினர்; பஸ் கண்டக்டர்களிடமிருந்து இது பரவியிருக்க வேண்டும். நகைக்கப்படும் இக்கொள்கையில்தான் அறிவியல் சற்று அதிகம். வறண்டு தடித்த தோலில் துளி ஈரம் பட்டால் கண்ணாடிக்கு அவ்விரல் மேலும் தெளிவாகத் தெரியும். துளி என்பதை மீறினால் பயன் தலைகீழ்.

எல்லாக் கொள்கைக்கும் பொதுவான குற்றம், ஒரு வாசல் வழியாகவே பார்ப்பது. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் 22 அடி நீளத்துக்குக் கிடக்கிற பெருமாளை முழுதாகக் காண மூன்று வாசல் வேண்டும்: ஒன்றில் முகம், ஒன்றில் உந்தி, ஒன்றில் பாதம். திருமுகத்தை மட்டும் சேவித்துவிட்டு எல்லாம் பார்த்தாயிற்று என்று எவரும் படியிறங்குவதில்லை. போனுக்கும் மூன்று வாசல் உண்டு: விரல், கண்ணாடி, அதனுள் ஓடும் செயலி.

விரலை முதலில் எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. இன்றைய தொடுதிரை அழுத்தத்தை அறிவதில்லை. கண்ணாடிக்கடியில் இண்டியம் டின் ஆக்சைடு போன்ற ஒளி ஊடுருவும் கடத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் இழைத்திருக்கின்றன. கோடுகளுக்கிடையே மெல்லிய மின்புலம். விரல் நெருங்கும்போது அதில் ஒரு பங்கை நம் உடம்பு இழுத்துக்கொள்கிறது. அந்த இழப்பை நொடிக்குப் பலமுறை அளந்து, இந்த இடத்தில் விரல் என்று போன் முடிவு செய்கிறது. எனவே கோபத்தில் அழுத்துவது முற்றிலும் வீண். காய்ப்புக் காய்த்த விரலில் தடித்த வறண்ட தோல் நடுவே நிற்பதால் இழப்பு குறைகிறது. கண்ணாடியில் தண்ணீர்த் துளி நின்றால் அதுவே மின்புலத்தைக் கலைத்து, இல்லாத விரலை இருப்பதாகக் காட்டுகிறது. மழையில் போன் தானாகவே யாரையோ அழைப்பது இதனால்தான், பேய் அன்று.

ரப்பர் பாலின் வேலை வேறு விதம். விடியுமுன் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஊறும் என்பதால் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே வெட்டப் போவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு மாமாவுக்கு, வெட்டு முடிந்து சிரட்டைகளிலிருந்து வாளியில் பாலைச் சேர்க்கும் நேரத்தில்தான் அழைப்பு வரும். பெருவிரலில் பால் காய்ந்து இன்னொரு தோல் போல ஒட்டியிருக்கும். அவ்வளவு மெல்லிய படலம் மின்புலத்தை முழுக்கத் தடுத்துவிடாது; தொட்டால் போன் ஓரளவு அறியும். ஆனால் இழுக்க வேண்டுமே! ரப்பர் கண்ணாடியில் வழுக்காது, கவ்வும். பாதி தூரத்தில் விரல் நின்று, துள்ளி, மறுபடி தொடங்கும். போனின் கணக்கில் அது ஓர் இழுப்பு ஆகாது, இரண்டு தொடுதல். பச்சை வட்டம் பழைய இடத்துக்கே திரும்பிப் போகும். மாமா விரலைக் கைலியில் துடைப்பார், படலத்தின் ஓரத்தை நகத்தால் கிள்ளி உரிப்பார். உரிந்து வரும்போது 30 நொடி முடிந்திருக்கும். அடுத்த நிமிடம் வீட்டிலிருந்து இன்னொரு அழைப்பு, அது எப்படியோ எடுபட்டால், "எத்தன தடவ விளிச்சேன், எடுக்கப்பிடாதா?" என்ற குரல். மாமாவின் முடிவு சுருக்கமானது: "எடேய் மக்கா, இது ஆபீசர்மாருக்கு உள்ள போனாக்கும்."

வரலாறு மாமா பக்கம் இருக்கிறது. விரலின் மின்தன்மையால் இயங்கும் தொடுதிரையைப் பற்றி இங்கிலாந்தின் மால்வர்ன் ராடார் ஆய்வு நிலையத்தில் இருந்த ஈ. ஏ. ஜான்சன் 1965-இல் எழுதினார். விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவோருக்காக அது எண்ணப்பட்டது. 1970-களில் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் துகள் முடுக்கியின் கட்டுப்பாட்டு அறைக்காக பென்ட் ஸ்டம்பியும் பிராங்க் பெக்கும் அதே வழியில் ஒன்றைச் செய்தார்கள். இரண்டும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் விரலுக்கானவை. இன்னொரு மரபும் இருந்தது: இரண்டு படலங்கள் அழுத்தத்தால் ஒன்றையொன்று தொட்டு வேலை செய்யும் திரை. அதற்கு நகம் போதும், குச்சி போதும், ரப்பர் பால் பூசிய விரலும் போதும். 2007-இல் ஐபோன் வந்த பிறகு கைப்பேசிகளில் அம்மரபு தேய்ந்துபோனது. அழகில் தோற்றது அது, தோட்டத்தில் தோற்றிருக்காது.

தொடாமலே விலக்குகிற பொறி ஒன்றும் இதே போனில் உண்டு. அழைப்பின்போது காதுக்கான துளையருகே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, அது எதன்மீதாவது பட்டுத் திரும்பினால் சில சென்டிமீட்டருக்குள் ஏதோ வந்துவிட்டது என்று திரையை அணைத்துவிடும். அவ்விடத்தில் அழுக்கோ, சரியாக வெட்டப்படாத ஸ்கிரீன் கார்டோ இருந்தால் திரை கறுத்தே கிடக்கும். எவ்வளவு தூரத்தில் வந்தால் தீட்டு என்று சாதிக்குச் சாதி அளந்து வைத்திருந்த, இவ்வூரும் அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் இது புதுமையான கருவி அன்று. 1936 நவம்பர் 12-ஆம் தேதி ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்த பிறகுதான் அரசுக் கோயில்களின் கதவுகள் இந்துக்கள் எல்லோருக்கும் திறந்தன. உழைக்கிற கையை விலக்கி வைக்கும் பழக்கத்தை ஒருமுறை வழியனுப்பிய ஊருக்கு, அதுவே கண்ணாடிக்குள் உட்கார்ந்து தவணை முறையில் திரும்பி வந்திருக்கிறது. செய்தவர்களுக்கு அந்த எண்ணம் இருந்திருக்காது. மற்ற விரல்களை அவர்கள் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

கண்ணாடி வாசலில் நின்று கடைப் பையனின் தீர்ப்பைச் சோதிக்கலாம். முகப்பில் உள்ள ஒரு சின்னத்தை அழுத்திப் பிடித்துத் திரை முழுக்க மேலும் கீழுமாக இழுத்துச் செல்க. ஒவ்வொரு முறையும் ஒரே கோட்டில் அது கையை விட்டு நழுவினால் அங்கே தொடுபடலம் செத்துவிட்டது. திரையும் தொடுபடலமும் சேர்ந்த காம்போவை மாற்றுவது தவிர வழியில்லை. வெவ்வேறு இடத்தில் நழுவினால் பையன் சொன்னது தவறு. ஓரத்தில் காற்று புகுந்த ஸ்கிரீன் கார்டை முதலில் உரித்துப் பார்க்க வேண்டும். மழைக்காகப் போட்ட பிளாஸ்டிக் உறைக்கும் இதே விதி. சார்ஜில் கிடக்கும்போது மட்டும் திரை முரண்டு பிடித்தால் குற்றம் மலிவு சார்ஜருடையது. அதிலிருந்து கசியும் மின்இரைச்சல் விரலின் சிறு குறிப்பை மூழ்கடித்துவிடும். பிடுங்கிவிட்டு எடுத்தால் போன் பேசும்.

செயலியின் வாசலில் குழப்பம்தான் மிகுதி. சில போன்களில் மேலே இழுக்க வேண்டும், சிலவற்றில் பக்கவாட்டில், சிலவற்றில் தட்டினால் போதும். பூட்டிக் கிடக்கும்போது திரை நிறையத் தெரியும் அழைப்பு, வேறெதையோ பார்த்துக்கொண்டிருக்கும்போது மேலே ஒரு சிறு பட்டையாக வரும். வழக்கமான இடத்தில் இழுக்கிறவர் அழைப்பைத் தொடவே இல்லை. ஒருநாள் இரவு அப்டேட் ஆனால் காலையில் வழக்கம் மாறியிருக்கும். போனில் இடம் நிரம்பிவிட்டால் நாம் தொட்டதை அது அறிந்தும் காட்டத் தாமதிக்கும். நாம் மறுபடி தொடுவோம். அது இரண்டாவது தொடுதலைச் சிவப்பில் கணக்கு வைக்கும்.

இவ்வாய்வாளனின் சித்தாந்தம் இதுவே. போனில் நாம் செய்யும் மற்றக் காரியம் எதுவும் 30 நொடியில் காலாவதி ஆவதில்லை. படம் திறக்காவிட்டால் மறுபடி திறக்கலாம். அவசரமான ஒரே காரியம் அழைப்பை எடுப்பது; அதற்கு மட்டும் நிதானமும் வழவழப்பும் நேர்கோடும் வேண்டுகிற இழுப்பைப் போன் உற்பத்தியாளர்கள் பலர் வைத்திருக்கிறார்கள். பாக்கெட்டில் தானாக எடுபடக் கூடாது என்பது அவர்கள் வாதம். பட்டன் போன் பச்சைப் பொத்தானோடு அதே பாக்கெட்டில் காலம் கழித்ததே.

பரிகாரங்கள் உள. சில போன்களில் ‘அக்சஸிபிலிட்டி’ பகுதிக்குள் போனால் வால்யூம் பொத்தானால் அழைப்பை எடுக்கும் வசதி இருக்கும். திரையின் தொடுவுணர்வைக் கூட்டும் வசதியும் சிலவற்றில் உண்டு. வயர் இயர்போனின் நடுப் பொத்தான் கையில் பால் இருக்கிறதா என்று கேட்பதில்லை. இயர்போன் செருகியிருந்தால் தானாகவே எடுக்கும் அமைப்பும் சிலவற்றில் உண்டு. ஆனால் அழைப்பவரைப் பற்றி நாம் பக்கத்திலிருப்பவரிடம் சொல்லிக்கொண்டிருப்பதை அவரே கேட்க நேரும் என்பதால் குடும்பஸ்தர்களுக்கு அதைப் பரிந்துரைக்க இயலாது. விரல் முட்டி காய்ப்பு ஏறாதது. மடக்கி இழுத்தால் எடுக்கும். மூக்கு நுனியும் எடுக்கும், பிறர் பார்க்காத இடத்தில். மாமா கண்டடைந்தது இடக்கைச் சுண்டுவிரல். வெட்டுக் கத்தியிலும் அது படுவதில்லை, பாலிலும் நனைவதில்லை; இத்தனை நாள் சும்மா இருந்ததற்கு இப்போது வேலை வந்திருக்கிறது.

தீராத சிக்கல் ஒன்று எஞ்சுகிறது. தவறிய அழைப்பைக் கண்டதும் இவர் திருப்பி அழைக்கிறார், எடுக்காததைக் கண்ட அவரும் மறுபடி அழைக்கிறார், இருவருக்கும் பிசி. அழைப்புக்குத் தனிக் கட்டணம் இல்லாததால் இருவரும் விடுவதில்லை. வயதில் மூத்தவர் அழைப்பார், இளையவர் காத்திருப்பார் என்ற விதியை இக்கட்டுரை முன்மொழிகிறது. மருமகன் எந்த வயதினராயினும் மாமனார்தான் அழைக்க வேண்டும் என்பது விதிவிலக்கு. சம்பந்திகள் இருவர் ஒரே வயதினராக இருந்தால் செய்ய வேண்டியது என்ன என்று திருவட்டாற்றுப் பெரியவர்கள் சிலரிடம் கேட்டபோது, வண்டியை எடுத்துக்கொண்டு நேரில் போய்விடுவதே நல்லது என்றார்கள். பெண் வீட்டார்தான் போக வேண்டுமா என்பதில் மட்டும் அங்கேயே வாக்குவாதம் மூண்டது.