சீதாதேவி பலாலியில் இறங்கிய கதை

2020 யூலையில் இலங்கையின் விமானப் போக்குவரத்து அமைச்சு பத்திரிகைகளில் ஒரு விளம்பரம் போட்டது. இராவணனைப் பற்றியும் அவன் பறந்த வான்வழிகளைப் பற்றியும் பழைய நூலோ ஆவணமோ யாரிடமாவது இருந்தால் தந்துதவ வேண்டுமாம். மாடு காணாமற் போனால் நோட்டீசு ஒட்டலாம். புட்பக விமானம் காணாமற் போனதற்குமா? அதுவும் கொரோனாக் காலம். கட்டுநாயக்காவில் அசல் விமானங்களே பறக்க ஆளில்லாமல் நின்ற நேரம்.

யாழ்ப்பாணத் தீவுக் கிராமமான சுருவிலில் இராமாயணம் கேட்டு வளர்ந்த ஏதாவது ஒரு ஆச்சியிடம் விசாரித்திருந்தால் விளம்பரக் காசு மிச்சம். "அது இஞ்சை இல்லை மோனை" என்று ஒரே வசனத்தில் முடித்திருப்பா. புட்பகம் இராவணன் செய்ததல்ல, அண்ணன் குபேரனிடம் பறித்தது. சுத்த செக்கண்ட் ஹாண்ட். போர் முடிந்ததும் இராமன் அதிலேயே ஏறி ஊருக்குப் போய் இறங்கி, அதைப் பழையபடி குபேரனிடமே அனுப்பிவிட்டான். வால்மீகி தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறார். விளம்பரம் போட்டதுதான் பிழையான நாட்டில்.

இன்னொன்று. சீதையைத் தூக்கிய அன்று புட்பகம் பாவிக்கப்படவேயில்லை. வால்மீகி கணக்கில் அது கழுதை பூட்டிய பறக்கும் தேர். நடுவானில் சடாயு மோதித் தேர் நொறுங்கியது. பறவை மோதி விமானம் விழுந்த முதல் விபத்து அதுதான். கம்பரோ பெண்ணைத் தொடவிடாமல் நிலத்தோடு பெயர்த்தெடுக்க வைத்தார். லக்கேஜ் கூடிப்போச்சு என்று கேட்க அங்கே கவுண்டர் இருக்கவில்லை.

இனி ஆவணம் உள்ள கதைக்கு வருவோம். 1947 டிசெம்பர் 10. எயார் சிலோன் தன் முதல் பயணத்தை இரத்மலானையில் தொடங்கியது. வழி, காங்கேசன்துறை. போய்ச் சேருமிடம், சென்னை. காங்கேசன்துறை என்று பெயர், இறங்கியது பலாலியில், உலகப் போருக்காக வெள்ளைக்காரன் போட்ட ஓடுபாதையில். விமானமும் போர் முடிந்து மிஞ்சிய டகோட்டா, இதுவும் செக்கண்ட் ஹாண்ட். அதற்கு வைத்த பெயர் சீதாதேவி! இலங்கை அரசு முதன்முதலாகச் செய்த விமானச் சேவை, சீதையை இந்தியாவுக்குக் கொண்டுபோய் விட்டது. பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை இருந்ததோ, குற்ற உணர்ச்சி இருந்ததோ?

டகோட்டா நிற்கும்போது வால் தரையில், மூக்கு வானத்தில். உள்ளே ஏறினால் மேட்டில் நடந்துதான் சீற்றைப் பிடிக்க வேண்டும். சுருவில்காரருக்கு அது பெரிய விசயமில்லை. ஊர்காவற்றுறையில் 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏறி ஆடியாடிக் காரைநகர் கடந்து பலாலி வந்து சேர்வதற்குள் கால் எதற்கும் பழகியிருக்கும்.

1978இல் எயார் சிலோன் மூடப்பட்டது. இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒரு டகோட்டா நிற்கிறது. நிற்கிறது, அவ்வளவுதான். இந்தியா வேறு மாதிரி. இராஜீவ் சந்திரசேகர் என்ற அரசியல்வாதி, டகோட்டா ஓட்டிய தன் தகப்பனாரின் நினைவாக ஒன்றை இங்கிலாந்தில் திருத்தி இந்திய விமானப்படைக்குக் கொடுத்தார். 2018 மே 4ஆம் திகதி சேவையில் சேர்ந்தது. பெயர் பரசுராமன். 2021 குடியரசு தின அணிவகுப்பில் டெல்லிக்கு மேலே பறந்தும் காட்டியது.

எங்களுக்குக் கையாலாகாதா? 1990களின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாமற் போனபோது, யாழ்ப்பாணத்து மெக்கானிக்மார் ஒஸ்ரின் ஏ-40ஐயும் மொறிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள். கார்பரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல், ஸ்ரார்ட் ஆனதும் மண்ணெண்ணெய், பின்னால் ஊரே இருமும். (ஜெற் விமானம் குடிப்பதும் ஒருவகை மண்ணெண்ணெய்தான் என்பது அப்போது எங்களுக்கு ஆறுதல்.) டகோட்டாவின் இரண்டு எஞ்சினிலும் சேர்த்து 28 சிலிண்டர். ஏ-40க்கு நாலு. ஏழு காரைத் திருத்துகிற வேலை, வேறென்ன?

2019 ஒக்ரோபர் 17இல் பலாலியைச் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தபோது வந்திறங்கியதும் சென்னை விமானம்தான். 2027 டிசெம்பர் 10 வந்தால் சீதாதேவியின் பயணத்துக்கு 80 வயது. அமைச்சு ஐயாமாரே, குபேரனுக்கு எழுதும் கடிதத்தை ஒத்திவைத்துவிட்டு, அன்றைக்கு ஒரு டகோட்டாவை இரத்மலானையிலிருந்து பலாலி வழியாகச் சென்னைக்கு ஓட விடுங்கோ. டிக்கெற் விற்கும் கவலை உங்களுக்கு வேண்டாம்.