லாபத்தில் வந்த எமன்

மாடியில் ஓர் அறை எடுக்க ஆர்க்கிடெக்ட் வேண்டுமா என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்காமலே நேற்று ராத்திரி வந்து உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போனார்கள். "கோடு போட்டுக் குடுக்க ஒருத்தருக்குத் தனியா காசா? நம்ம மேஸ்திரி செங்கல் துண்டால தரையிலேயே போட்டுக் காட்டிடுவாரு மாப்ளே" என்றார் மச்சான். சித்தப்பா தலையாட்டினார். இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

1972-இல் வந்த சட்டப்படி, ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு செய்யாத யாரும் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. மச்சான் என்று சொல்லிக்கொண்டு யோசனை சொல்பவரை அந்தச் சட்டம் தொடுவதில்லை.

ஆர்க்கிடெக்ட் அம்மா ஒருவர் வந்து பார்த்துவிட்டுத்தான் போயிருந்தார். மாடியில் விட்டுவைத்த தூண் கம்பிகளைப் பார்த்தார். பிற்காலத்தில் மேலே எடுப்போம் என்று நீட்டிவிட்டு, துருப்பிடித்து, துணிக்கொடி கட்ட மட்டும் உதவும் அதே கம்பிகள். அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், ஃபூட்டிங் என்ன அளவு, கீழ்வீடு இன்னொரு தளத்தைத் தாங்குமா என்று கேட்டார். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தெரியவில்லையே என்ற கவலையும் இல்லை. அடுத்து, வெளிப்படிக்கட்டுக்கு 17 படி என்றார். அவ்வளவுதான், வீடு விழித்துக்கொண்டது.

மச்சான் கட்சி லாப நஷ்டக் கட்சி. முதல் படி லாபம், அடுத்தது நஷ்டம், ஏறி முடிக்கும்போது லாபத்தில் கால் வைக்க வேண்டும். 17 அவருக்குச் சம்மதம். சித்தப்பா இந்திரன், எமன், ராஜா என்று மூன்று மூன்றாக எண்ணுகிறவர். 17-இல் எமன் நிற்கிறான். ஆக, லாபத்தோடு எமலோகம். ஒரு படியைக் கூட்டி 18 ஆக்கினால் ராஜா வருகிறார், நஷ்டத்தில். 15 போட்டால் லாபமும் ராஜாவும் சேர்ந்தே வருகிறார்கள். ஆனால் பத்தடி உயரத்தை 15-ஆல் வகுத்தால் படிக்கு 8 அங்குலம். வீட்டுப் படி 19 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. 8 அங்குலம் அதைத் தாண்டிவிடும். என் அம்மாவின் முழங்காலுக்கு லாபமும் தெரியாது, ராஜாவும் தெரியாது. 19 போட்டால் லாபம், இந்திரன், முழங்கால் மூன்றும் சௌக்கியம். இரண்டு படி கூடினால் இருபது அங்குலம் நீளம் கூடும். கீழே முதல் படி செப்டிக் டேங்க் மூடி மேல் போய் உட்காரும். டேங்க் நிறைந்தால் லாரிக்காரர் குழாயை எங்கே விடுவார் என்று நான் கேட்டதற்கு, சித்தப்பா, அபசகுனமாகப் பேசாதே என்றார்.

இதற்குள் மச்சானுக்கு இன்னொரு சந்தேகம். மேல்தளத்தையும் ஒரு படியாகச் சேர்த்து எண்ணுவதா, விட்டுவிட்டு எண்ணுவதா? விட்டால் 17 என்பது 16. எமன் இந்திரனாகிவிடுவான், லாபம் நஷ்டமாகிவிடும். உடனே இருவரும் கட்சி மாறாமல் இடம் மட்டும் மாறி, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்கள். இன்று காலை நான் போன டாக்டர் வீட்டு மாடிப்படியை என்னையறியாமல் எண்ணிக்கொண்டே ஏறினேன். எமன். நோயாளிகள் ஏறும் படி என்பதால் பொருத்தம்தான்.

2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் கட்டட அனுமதிக்குச் சுயசான்று முறை வந்திருக்கிறது. 2500 சதுர அடி வரையிலான மனையில், 3500 சதுர அடிக்குள், தரைத்தளத்தோடு ஒரு மாடி வீடு என்றால் உடனடி அனுமதி. வரிசையில் நிற்க வேண்டாம், இணையத்திலேயே முடிந்துவிடும். அரசாங்கம் திறந்த ஒற்றைச் சாளரத்தை எங்கள் குடும்பம் இன்னும் திறக்கவில்லை. இங்கே தலைக்கு ஒரு சாளரம், எல்லாவற்றிலும் ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்கலாமா என்று ஒரு சாளரத்திலிருந்தும் சத்தம் வரவில்லை.

ஆர்க்கிடெக்ட் வேண்டுமா வேண்டாமா என்று சொல்லத்தான் ஆரம்பித்தேன். அந்த அம்மா அதற்குள் இரண்டு தடவை போன் செய்து, "ஸ்டேர்கேஸ் முடிவாச்சா சார்?" என்று கேட்டுவிட்டார். மச்சானிடம் பேசுங்கள் என்று நம்பரைக் கொடுத்துவிட்டேன். அதன் பிறகு அவர் போன் செய்யவில்லை. பதற்றமில்லாமல் இருப்பது மேஸ்திரி மட்டும்தான்.

"எத்தனை படின்னாலும் கட்டிரலாம் சார். சென்ட்ரிங் பிரிச்ச பிறகு மாத்தச் சொன்னாத்தான் தனிக் காசு."