கடலில்லா மாவட்டங்களில் கப்பல் பயணத் திட்டமிடல்: பெரம்பலூர், அரியலூரை முன்வைத்து ஓர் ஆய்வு

உல்லாசக் கப்பலில் போவதற்குப் படிப்படியாகத் திட்டம் போடுவது எப்படி என்று சொல்லித்தரும் வழிகாட்டிகள் உலகத்தில் ஏராளம். அவற்றை எழுதியவர்கள் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே குடியிருந்தவர்கள் என்பதுதான் அவற்றின் அடிப்படைக் கோளாறு. எடுத்த எடுப்பில் "கப்பலைத் தேர்ந்தெடுங்கள்" என்று ஆரம்பிக்கிறார்கள். பெரம்பலூரில் கப்பல் ஏழாவது, எட்டாவது படியில்தான் வரும். முதல் படி, பெரியப்பா காதில் விஷயத்தை யார் போடுவது என்பது. இந்த இடைவெளியை நிரப்பவே இவ்வாய்வு மேற்கொள்ளப்பட்டது.

ஆய்வின் கருதுகோள் எளியது: கடல் தள்ளிப் போகப் போக, கப்பல் பயணத்துக்கான திட்டம் நீண்டுகொண்டே போகும். இதை 'அரியலூர் விதி' எனலாம். பெரம்பலூர்க்காரர்கள் ஆட்சேபித்தால் பெயரை மாற்றிக்கொள்ளத் தடையில்லை. அவர்களுக்கு உரிமை அதிகம்: அரியலூருக்குக் கடல்தான் இல்லை, பெரம்பலூருக்கு ரயிலும் இல்லை.

ஆய்வுக்களத்தைப் பற்றிச் சில சொற்கள். 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001-ல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002-ல் திரும்பவும் சேர்ந்தது. 2007-ல் மறுபடி பிரிந்தது. வருவதும் போவதும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. கடலே இங்கே அப்படித்தான் நடந்துகொண்டது.

இங்கேதான் கருதுகோளுக்கு முதல் ஆட்சேபம் எழுகிறது. "கடலில்லா மாவட்டம்" என்பதே தவறு, கடல் இருந்தது என்று நிலவியலாளர்கள் சொல்வார்கள். உண்மை. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கிரிட்டேசியஸ் காலத்தில் கடல் இந்தப் பக்கம் புகுந்து, உள்ளே வருவதும் பின்வாங்குவதுமாகக் கோடிக்கணக்கான ஆண்டுகள் தங்கியிருந்தது. 1860-களில் ஹென்றி பிளான்ஃபோர்டு இந்தப் பாறைகளின் அடுக்குகளைப் பிரித்து எழுதினார். கிளிஞ்சல்களையும் அம்மோனைட்டுகளையும் கல்கத்தாவில் உட்கார்ந்து வகைப்படுத்தியவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. ஊட்டத்தூர், அரியலூர், நினியூர் என்று நம்முடைய பஸ் நிறுத்தங்களின் பெயர்களெல்லாம் பாறைத் தொகுதிகளின் பெயர்களாக உலகப் புத்தகங்களில் ஏறியது அப்படித்தான். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரம் வெளியுலகுக்குத் தெரியவந்தது 1940-ல், தெரியப்படுத்தியவர் எம்.எஸ். கிருஷ்ணன். அந்த மரம் கடலடியில் போய்ப் படிந்து கல்லானது. இந்த வட்டாரத்தில் திட்டமே போடாமல் கடலுக்குப் போனதாக ஆவணமுள்ள ஒரே உள்ளூர்வாசி அதுதான். திரும்பி நடக்க முடியாமல் போனதையும் ஆய்வாளர் குறித்துக்கொள்கிறார்.

ஆக, துறைமுகம் வாசலுக்கே வந்திருந்தது. கப்பலேற ஆள்தான் பிறக்கவில்லை. இன்று அந்தக் கடல் லாரியில் போகிறது: கிளிஞ்சல் சுண்ணாம்புக்கல்லாகி, சுண்ணாம்புக்கல் சிமெண்டாகி, 1979-ல் தொடங்கிய அரசு ஆலை முதல் தனியார் ஆலைகள் வரை தினமும் மூட்டை மூட்டையாக. 2020-ல் குன்னம் பக்கம் மண் தோண்டியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைக்க, டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டது. அம்மோனைட் படிவம் என்று வல்லுநர்கள் சொன்னதும் கூட்டம் கலைந்தது. கடல் பிராணி என்றால் நம் ஆட்களுக்கு அவ்வளவுதான் மரியாதை.

இனி முதன்மைச் சான்றுக்கு வருவோம். அரியலூர் மாவட்டத்திலிருந்து முறையாகத் திட்டமிடப்பட்ட கடல் பயணங்களில் காலத்தால் முந்தியது 1025-ஆம் ஆண்டினது. திட்டமிட்டவர் முதலாம் ராஜேந்திர சோழர். புறப்பட்ட முகவரி கங்கைகொண்ட சோழபுரம், ஜெயங்கொண்டத்துக்குப் பக்கம். இன்றைய சுற்றுலா நிறுவனங்கள் நாலு ஊர் காட்டி ஐந்து இரவு என்று விளம்பரம் செய்கின்றன. ராஜேந்திரரின் மெய்க்கீர்த்தியில் இருக்கும் நிரல் இது: ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், மாப்பப்பாளம், மேவிலிம்பங்கம், வளைப்பந்தூறு, தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம். பதின்மூன்று நிறுத்தங்கள். சுமத்ரா, மலேயா, தாய்லாந்துக் கரை, நிக்கோபார் எல்லாம் ஒரே கட்டணத்தில். உணவு, தங்குமிடம் உட்பட. வழியில் கொள்முதல் செய்த பொருட்களில் கடாரத்து அரசரின் யானைகளும், மணிகள் பதித்த வாயிற்கதவும் அடங்கும். கூடுதல் சுமைக்குக் கட்டணம் வசூலிக்கப்பட்டதாகச் செய்தியில்லை.

இந்தப் பயணத்தில் திட்டமிடல் நுணுக்கங்கள் பல. ஒன்றை மட்டும் சொல்கிறேன். கடலில்லாத இடத்தில் தலைநகர் கட்டிய மன்னர், பக்கத்திலேயே சோழகங்கம் என்று ஏரி வெட்டினார். இன்று பொன்னேரி என்கிறோம். கரை 16 மைல் நீளம் என்பார்கள். கங்கை வெற்றிக்கான நீர்த்தூண் அது என்று வரலாற்றாசிரியர்கள் விளக்கம் தருகிறார்கள். கடலுக்குப் போகுமுன் குடும்பத்துக்குத் தண்ணீர் பழக்கிவிட என்றே இவ்வாய்வாளருக்குத் தோன்றுகிறது. ஆதாரம் கேட்காதீர்கள்.

இன்னொன்று. மெய்க்கீர்த்தி கப்பல்களை அனுப்பியதைத்தான் சொல்கிறது; மன்னர் ஏறி உட்கார்ந்தார் என்று சொல்லவில்லை. திட்டம் போடுகிறவர் பயணம் போயே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அன்றும் இல்லை. இன்றைக்குப் பெரம்பலூர் குடும்பங்களில் இந்த மரபு அப்படியே தொடர்கிறது. பயணத்துக்குப் பின் நடந்ததும் இன்றைய வழக்கத்தோடு ஒத்துப்போகிறது: போய்வந்த ஊர்ப் பட்டியலைக் கல்லில் வெட்டி எல்லோரும் பார்க்க வைத்தார்கள். 2025 ஜூலையில் ஆடித் திருவாதிரையன்று அதே ஊரில் ஆயிரமாவது ஆண்டையும் கொண்டாடி முடித்தாயிற்று. ஒரு டூர் போய்விட்டு வந்து இவ்வளவு நாள் பேசியவர்கள் வேறு யாருமில்லை.

(பக்கவாட்டுக் குறிப்பு: கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் கட்ட, ராஜேந்திரரின் தந்தை ராஜராஜர் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே தானமாகக் கொடுத்தார். மகன் அந்த வீட்டுக்கே படையோடு போனார். அழைப்பில்லாமல் உறவினர் வீட்டுக்குப் போகும் பழக்கத்தின் வேர்களைத் தேடுவோர் இதிலிருந்து தொடங்கலாம்.)

இடைக்காலத்தைச் சுருக்கமாகக் கடக்கலாம். 1926-ல் கட்டப்பட்ட 'ராஜூலா' கப்பல் அரை நூற்றாண்டுக்குச் சற்றே குறைவாகச் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. அதன் மேல்தளத்தில் பாய் விரித்துப் போனவர்களில் பழைய திருச்சி ஜில்லாக்காரர்கள் நிறையப் பேர். அவர்கள் போனது பிழைப்புக்கு. ஒரு தகரப் பெட்டி, ஒரு போர்வை, ஊறுகாய் ஜாடி. திட்டமிட அவகாசமோ காசோ இல்லாதவர்கள் என்பதால் இந்த ஆய்வின் வரம்புக்குள் அவர்கள் வரமாட்டார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று "ஒரு தடவை க்ரூஸ் போயிட்டு வாங்க சித்தப்பா" என்று மண்டபத்துப் பந்தியில் விதை போடுகிறவர்கள்.

விதை விழுந்தபின் நடப்பதை நெருங்கிப் பார்க்க வேண்டும். வழிகாட்டி நூல்களில் 'பட்ஜெட்' என்றொரு அத்தியாயம் இருக்கும். செட்டிகுளம் பக்கத்தில் அதன் பெயர் சின்ன வெங்காயம். அறுத்த வெங்காயத்தைப் பட்டறை போட்டு, நாலு பக்கமும் காற்று போகும்படி அடுக்கி, விலை ஏறக் காத்திருக்கிறார்கள். பட்டறைக்குள் இருப்பது வெங்காயம் மட்டுமல்ல. கப்பல் அறையும் அதற்குள்தான் இருக்கிறது. விலை ஏறினால் பால்கனி அறை. நடுத்தரமாக நின்றால் ஜன்னல் வைத்த அறை. சரிந்தால் ஜன்னலில்லாத உள்ளறை. மழையில் அழுகினால் வேளாங்கண்ணி. பயண நிறுவனங்கள் சீக்கிரம் பதிவு செய்தால் தள்ளுபடி என்கின்றன. வெங்காயம் அதற்குச் சம்மதிப்பதில்லை.

அறைத் தேர்வு பற்றிய குடும்ப ஆலோசனை ஒன்றில் பதிவானது:

"ஜன்னல் இல்லாத ரூமுக்கா இத்தனை ஆயிரம்? நம்ம வீட்டு ஸ்டோர் ரூம்ல படுத்துக்கலாம்."

"அத்தை, தூங்க மட்டும்தான் ரூம். மத்த நேரமெல்லாம் மேல்தளத்துல இருக்கலாம்."

"அப்ப மேல்தளத்துலயே படுத்துக்கிறோம்னு சொல்லிப் பாரேன். உங்க தாத்தா ராஜூலால அப்படித்தானே போனாரு."

அத்தை சொன்னதில் வரலாற்றுப் பிழை ஏதுமில்லை. ஆனால் கப்பல் அறிவியல் ஒன்றை அத்தைக்கு யாரும் சொல்லவில்லை: நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் இருக்கும் அறையில்தான் ஆட்டம் குறைவு. உயரமும் ஓரமும் கூடக் கூட ஆட்டமும் கூடும். அதிகம் வாந்தி எடுப்பவர்கள் அதிகம் காசு கொடுத்தவர்களாகவும் இருக்க வாய்ப்புண்டு. பட்டியலில் காட்டும் கட்டணத்தோடு துறைமுக வரி, ஜிஎஸ்டி, ஊழியர் அன்பளிப்பு மூன்றும் தனியாக ஏறும் என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன். பெரியப்பாவிடம் இதைக் கடைசியில் சொன்ன குடும்பங்களில் திட்டம் முதல் படிக்குத் திரும்பியிருக்கிறது.

தேதி குறிப்பது அடுத்த சிக்கல். ஆடியில் ஆகாது. பள்ளிப் பரீட்சைக் காலத்தில் முடியாது. மக்காச்சோளம் அறுக்கும்போது வீட்டை விட்டு நகர முடியாது. மிச்சமிருப்பது ஐப்பசி, கார்த்திகை. வங்கக்கடலில் புயல் உருவாகும் மாதங்கள். 2023 அக்டோபர் 14-ல் நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 'செரியாபாணி' கிளம்பியது; அதே மாதம் 20-ஆம் தேதியோடு நின்றது, வானிலை காரணமாக. கொடியசைப்புக்கும் நிறுத்தத்துக்கும் இடையே ஒரு வாரம்கூட இல்லை. 2024 ஆகஸ்டில்தான் 'சிவகங்கை' வந்து சேவையைத் தொடர்ந்தது. 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய சுற்றுலாக் கப்பல் எம்பிரஸுக்கு வானிலை சாதகமாகத்தான் இருந்தது. புதுச்சேரியில் பயணிகளை இறக்க அனுமதிதான் கிடைக்கவில்லை. திட்டத்தில் கடலுக்கு ஒரு பத்தி ஒதுக்கினால், அரசாங்கத்துக்கு இரண்டு ஒதுக்குவது நல்லது.

சாப்பாட்டைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தீராது. மூன்று வேளையும் கப்பலில் உண்டு, நள்ளிரவிலும் உண்டு என்று எழுத்துபூர்வமாக உறுதி தரப்பட்ட பிறகும், கோடையில் சின்ன வெங்காயத்தை இடித்து உருட்டிக் காயவைத்த தாளிப்பு வடகம் ஒரு டப்பா, பொடி தடவிய இட்லி, புளிச்சோறு ஆகியவை பெட்டிக்குள் போகின்றன. கப்பல் அறையில் அடுப்பு கிடையாதே, வடகத்தை எதில் தாளிப்பது என்ற கேள்வியை ஆய்வாளர் எழுப்பிப் பார்த்தார். "இருக்கட்டும், வாசனைக்காவது" என்று பதில் வந்தது. அதற்கு மேல் மேற்கோள் காட்ட முடியாத பதில்களும் வந்தன.

பாஸ்போர்ட் எடுத்தாயிற்று (இலங்கைக்கோ சிங்கப்பூருக்கோ என்றால்; இந்தியத் துறைமுகங்களுக்குள் சுற்றினால் அடையாள அட்டை போதும்). இனி துறைமுகம் போய்ச் சேர வேண்டும். அரியலூர்க்காரர் ரயிலேறுவார். பெரம்பலூர்க்காரர் நான்கு ரோட்டில் பஸ் பிடிப்பார். பஸ் அவரைக் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து சென்னைத் துறைமுகம் போவது தனிப் பயணம். கப்பல் கிளம்பச் சில மணி நேரம் முன்பே வாயிலை அடைத்துவிடுவார்கள் என்பதால் முந்தின நாளே போய் மாம்பலத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்க வேண்டியிருக்கிறது. அந்த வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியது என்ன என்று இன்னொரு திட்டம். விதி நிரூபணமாகிவிட்டதாகவே கொள்ளலாம்.

விதிவிலக்கு ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரிக்கு ஆண்டுதோறும் வரித்தலை வாத்துகள் இமயமலையைத் தாண்டி வருகின்றன. 2024 ஜனவரியில் கரைவெட்டி ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. அவற்றுக்கு விசா இல்லை, முன்பதிவு இல்லை, வடகம் இல்லை. குளிர் முடிந்ததும் கிளம்பிவிடுகின்றன. பெரியப்பா இல்லாத சமூகம் என்பதால் அவற்றை இந்த ஆய்வின் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

ஆய்வு முடிவுகளைச் செயல்படுத்தும் பொறுப்பு ரயில்வேயிடம் இருக்கிறது. அரியலூரிலிருந்து பெரம்பலூர், துறையூர் வழியாக நாமக்கல்லுக்குப் பாதை வேண்டும் என்று இந்தப் பகுதி மக்கள் நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதைப் போட்டுக்கொடுத்தால் மேற்படி திட்டத்தில் குறைந்தது இரண்டு படிகள் குறையும். அதுவரை கப்பலேற நினைக்கும் பெரம்பலூர் வாசகர்கள் நாகப்பட்டினம் வழியை யோசிக்கலாம். காங்கேசன்துறை சுமார் நாலு மணி நேரம்தான், அறை எதுவும் எடுக்க வேண்டியதில்லை. முதலில் அன்றைய வெங்காய விலையை விசாரித்துக்கொள்ளுங்கள்.