பதினேழாம் நாள்

கேள்வி: வில்லியம் ஃபாக்னரின் ‘எ ரோஸ் ஃபார் எமிலி’ சிறுகதையில், அப்பா இறந்ததையே 3 நாள் ஒப்புக்கொள்ள மறுக்கிறாளே எமிலி, அது பைத்தியமா?
- வாசகர், சிவகாசி

பதில்: துக்கம், அதைவிடத் தனிமை. 1930-ல் வெளியான அந்தக் கதையில், அவள் வீட்டிலிருந்து நாற்றம் எழும்போது ஊர்க்காரர்கள் நள்ளிரவில் வந்து சுண்ணாம்பு தூவிவிட்டுப் போகிறார்கள். கதவைத் தட்டிக் கேட்க ஒருவருக்கும் துணிவில்லை.

நம் பக்கத்தில், 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்து 30-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. கேத வீட்டுக்கு ஊரே திரளும். பதினாறாம் நாள் காரியம் முடிந்தால் பந்தலோடு கூட்டமும் கலையும். தனிமை தொடங்குவது பதினேழாம் நாள்தான். நிவாரணக் காசோலை அடுப்பை எரிய வைக்கும். எதிரே உட்கார்ந்து சாப்பிடாது. ஆகவே பதினேழாம் நாளும் போங்கள், கதவைத் தட்டுங்கள்.